பிளேட்லெட் கூடினால் அஸ்பிரின் கொடுக்கலாமா?

திருகோணமலை நகரை அண்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு 16 வயது. ஒன்றரை வயதில் கையும் காலும் வீங்கி ஓயாமல் அழுதபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்தது. தகப்பனிடமிருந்து செங்குழியம் அரிவாள் போல வளையும் அரிவாள் செல், தாயிடமிருந்து ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் பீற்றா தலசீமியா, இரண்டும் சேர்ந்த வகை. ஹைட்ரொக்சியூரியா என்ற மருந்து தொடங்கி இரண்டு வருடமாகிறது. முன்பு வருடத்தில் நாலைந்து முறை வலி வந்து வார்ட்டில் படுப்பான், இப்போது ஒரு முறைதான். ஆனால் இரத்தக் குழியங்களை எண்ணும் ஒவ்வொரு எஃப்பிசி ரிப்போர்ட்டிலும், இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் 4.8 இலட்சம், 5 இலட்சம் என்று வருகிறது. பக்கத்தில் 'கூட' என்ற குறியும் இருக்கிறது. கடைசியாக வலி வந்து ஆஸ்பத்திரியில் நின்றபோது அது 1.6 இலட்சத்துக்கு இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் டெங்கு நோயாளி. 'இவனுக்கும் டெங்குதான்' என்று உறவினர்கள் பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்து பருக்கினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையில் பார்த்தால் 6.2 இலட்சம். பையனின் பெரியப்பா மாரடைப்பு வந்து ஸ்டென்ட் போட்டவர். 'இரத்தம் தடிச்சுப் போச்சு' என்று சொல்லி, தன்னுடைய 75 மில்லிகிராம் அஸ்பிரினில் இரவுக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். ஐந்து கிழமையாகக் கொடுக்கிறார்கள். இரண்டு தடவை மூக்கால் இரத்தம் வந்தது. ஏசுவார்களே என்று கிளினிக்கில் சொல்லவில்லை. ஹைட்ரொக்சியூரியா புற்றுநோய் மருந்து, அது பிளேட்லெட்டைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதால் அதைப் பாதியாக்கலாமா என்றும் யோசிக்கிறார். லண்டனில் இருக்கும் பையனின் மாமா, பிளேட்லெட் ஒட்டாமல் தடுக்கும் ஊசி ஒன்று இருக்கிறதாம், அனுப்பட்டுமா என்று கேட்கிறார். 12 வயது மகளை இன்னும் சோதிக்கவில்லை.

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அஸ்பிரினை இன்றே நிறுத்துங்கள். ஹைட்ரொக்சியூரியாவைக் குறைக்க வேண்டாம். ஒரு பொட்டுக்கூட. இரண்டுக்கும் காரணம் கீழே இருக்கிறது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கவாதத்துக்குப் பிறகோ, கர்ப்ப காலத்திலோ, இருதய நோய்க்கோ உங்கள் டொக்டரே அஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் இந்தப் பதிலைப் பார்த்து அதை நிறுத்தாதீர்கள். அரிவாள் செல் நோயுள்ள கர்ப்பிணிகளுக்குக் குருதியமுக்கச் சிக்கலைத் தவிர்க்க 12ஆம் வாரத்திலிருந்து சிறிய அளவு அஸ்பிரின் கொடுப்பது வழக்கமான வைத்தியம். இந்தத் தம்பியின் கதை வேறு. இவனுக்கு அதை எந்த டொக்டரும் எழுதவில்லை.

ரிப்போர்ட்டில் உள்ள எண் என்ன சொல்கிறது

பொதுவாக 1.5 முதல் 4.5 இலட்சம் வரை சரியான அளவு என்று ரிப்போர்ட்டில் அச்சடித்திருப்பார்கள். அது மண்ணீரல் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கான அளவு. நம் உடலில் உள்ள பிளேட்லெட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எந்நேரமும் மண்ணீரலில் தங்கியிருக்கும். அரிவாள் செல் நோயில், அடைபட்டு அடைபட்டுச் சிறு வயதிலேயே பலருக்கு மண்ணீரல் சுருங்கிவிடுகிறது. உங்கள் மகனின் ஸ்கானிலும் அப்படித்தான் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். தங்க இடமில்லாத பிளேட்லெட் எல்லாம் இரத்தத்திலேயே ஓடும். அதோடு, இவனுடைய செங்குழியங்கள் மற்றவர்களுடையதைப் போல 120 நாள் வாழ்வதில்லை. இந்த நோயில் அவை 10, 20 நாளில் உடைகின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட, இரத்தம் உருவாகும் எலும்பு மச்சை ஓய்வில்லாமல் வேலை செய்கிறது, பிளேட்லெட்டும் சேர்ந்து கூடுகிறது. ஆகவே 4.8 இலட்சம், 5 இலட்சம் என்பது இவனுக்கு வழமையான அளவு.

இன்னொன்றும் உண்டு. பீற்றா தலசீமியா சேர்ந்த வகையில் செங்குழியங்கள் மிகச் சிறியவை, உடைந்த துண்டுகளும் இருக்கும். எண்ணும் இயந்திரம் சில வேளை அந்தத் துண்டுகளையும் பிளேட்லெட் என்று சேர்த்து எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் பிளட் பிக்சர் செய்து, அதாவது ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து, கண்ணால் பார்த்துத் தெளியலாம்.

1.6 இலட்சத்துக்கு இறங்கியதே, அதைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். வேறொருவருக்கு அது முற்றிலும் சரியான அளவு. ரிப்போர்ட்டில் குறியும் விழாது. ஆனால் 5 இலட்சத்தில் இருந்தவனுக்கு 1.6 என்றால், மூன்றில் இரண்டு பங்கு எங்கேயோ செலவாகிவிட்டது. கடும் வலி வரும்போது, விசேடமாக நெஞ்சில் சளிக்காய்ச்சல் போல வரும் சிக்கலின்போது, பிளேட்லெட்டுகள் சிறு இரத்தக் குழாய்களில் ஒட்டித் தீர்ந்துபோவதால் எண்ணிக்கை சடாரென்று விழும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அந்த நெஞ்சுச் சிக்கல் வந்தவர்களில் பிளேட்லெட் 2 இலட்சத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மூளை சம்பந்தமான சிக்கல்கள் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். உங்கள் மகன் அதிலிருந்து தப்பி வந்துவிட்டான், சரி. இனிமேல் அவன் நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஹீமோகுளோபின், பிளேட்லெட், பீசிவி (இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு) மூன்றையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு வார்ட்டில் அவனை முதன்முதலாகப் பார்க்கும் இளம் டொக்டருக்கு அதைவிட உதவியான தகவல் இல்லை.

பிறகு 6.2 இலட்சத்துக்கு ஏறியது, விழுந்தது மீண்டும் எழும்பியதுதான். கடும் வலி அடங்கி ஒன்று, இரண்டு கிழமையில் அப்படி வழமையைத் தாண்டி ஏறிப் பிறகு இறங்கும். பெரியப்பா பயந்தது சரியாக அந்த நாட்களில்.

பெரியப்பாவின் அஸ்பிரின் ஏன் தம்பிக்குச் சரிவராது

உங்கள் சந்தேகத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். இந்த நோயில் பிளேட்லெட்டுகள் அமைதியாக இருப்பதில்லை. வலி இல்லாத நாளிலும் அவை பாதி விழித்தபடியே இருக்கும், வலி வந்தால் இன்னும் கிளரும். செங்குழியம் உடையும்போது வெளியே கொட்டும் ஹீமோகுளோபின், குழாய்ச் சுவரைத் தளர்த்தி வைத்திருக்கும் நைத்திரிக் ஒட்சைட்டை உறிஞ்சிவிடுகிறது. அது பிளேட்லெட்டையும் அடக்கி வைத்திருந்த பொருள். உடைந்த குழியத்திலிருந்தே ஏடிபி என்ற இரசாயனமும் வெளிவருகிறது, அது பிளேட்லெட்டுக்கு நேரடியான அழைப்பு. அழைப்பு வந்ததும் பிளேட்லெட் தன் மேற்பரப்பில் பி-செலெக்டின் என்ற ஒட்டும் புரதத்தை வெளியே நீட்டும், வெண்குழியங்களோடு கட்டிப்பிடித்துக் குழாய்ச் சுவரில் போய் ஒட்டும். சந்தியில் ஒருவன் விடாமல் கூச்சல் போட்டால் ஓடிவருகிற பொடியன்களைப் போலத்தான் இந்தப் பிளேட்லெட்டுகள். கூச்சல் போடுகிறவனை விட்டுவிட்டுப் பொடியன்களை அடித்து என்ன பயன்?

பெரியப்பாவுக்கு நடந்தது வேறு. அவருடைய இருதயக் குழாயில் படிந்திருந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் பிளேட்லெட் கட்டியாகி அடைத்தது. உள்ளே கம்பிக் கூடும் வைத்திருக்கிறார்கள். அங்கே பிளேட்லெட்தான் முதல் எதிரி, அதை அடக்கினால் உயிர் தப்பும். அவர் தன் மருந்தை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று என் சார்பில் சொல்லுங்கள். தம்பிக்குக் கொடுத்துக் கொடுத்து அவருடைய மாத்திரைக் கார்ட் நேரத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பதும் எனக்கு ஒரு கவலை.

'பிளேட்லெட்டை அடக்கினால் வலி குறையுமா' என்ற கேள்வியை மருத்துவ உலகம் கேட்காமல் விடவில்லை. அஸ்பிரினை வைத்து முன்பு செய்த சிறிய ஆய்வுகளில் சொல்லும்படியான பயன் தெரியவில்லை. பிறகு, ஸ்டென்ட் போட்டவர்களுக்கு அஸ்பிரினோடு கொடுக்கும் குளோபிடோகிரெலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட வலுவான பிரசுகிரெலைச் சோதித்தார்கள். 13 நாடுகளில், 2 முதல் 17 வயது வரையான 341 பிள்ளைகள். 2016இல் முடிவு அச்சில் வந்தது. மருந்து எடுத்த பிள்ளைகளுக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.3 தடவை நெருக்கடி, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.8 தடவை. தற்செயலாகவும் வரக்கூடிய அளவு வித்தியாசம் அது. அப்புறம் டிக்காகிரெலோர். அதில் 193 பிள்ளைகள். பயன் இல்லை என்று 2020இல் ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு கவனமாக அளவு பார்த்துக் கொடுத்தே கிடைக்காத பயன், கார்டிலிருந்து பிய்த்துக் கொடுத்த மாத்திரையில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூக்கால் வந்த இரத்தம் சிறிய அறிகுறி. இந்த நோயில் பக்கவாதம் இரண்டு விதமாக வரும். சிறு வயதில் பெரும்பாலும் குழாய் அடைபட்டு வரும், இருபதுகளில் மூளைக்குள் இரத்தம் கசிந்து வருவது கூடுகிறது. தம்பி அந்த வயதை நெருங்குகிறான். கண்ணின் விழித்திரையில் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து இரத்தம் கசிவதும் இந்த நோயில் உண்டு, அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை கண் கிளினிக்குக்குப் போகச் சொல்கிறோம். அதோடு, வைரஸ் காய்ச்சல் உள்ள பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் என்ற அரிதான நோய் வரலாம்.

நம்மூரில் டெங்கும் இருக்கிறது

இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு நம் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டைத் தொட்டால் அந்தப் பிளேட்லெட் சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அதனால் சரியாக வேலை செய்ய முடியாது. மாத்திரையை நிறுத்திய அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிடாது. அந்த இடைவெளியில் டெங்கு வந்தால், குறைந்துபோன பிளேட்லெட், அதிலும் செயலிழந்த பிளேட்லெட். ஆகவே நிறுத்திப் பத்து நாள் ஆகும்வரை கூடுதல் கவனமாக இருங்கள். அதற்குள் காய்ச்சல் வந்தால், பல் பிடுங்கப் போனால், அல்லது அடிபட்டால், 'அஸ்பிரின் எடுத்தவன்' என்று முதலிலேயே சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். இபுபுரொஃபென், டைக்ளோபெனாக் போன்றவை டெங்கில் ஆபத்து. இந்த நோயில் அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், எனவே வலிக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பப்பாசி இலைச் சாற்றை நம்பி ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள். டெங்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல, குழாயிலிருந்து நீர்ப்பாகம் கசிவது. எந்தச் சாறும் அந்தக் கசிவை நிறுத்தாது.

டொக்டர்களுக்கே சிக்கலான ஓர் இடமும் இங்கே உண்டு. அரிவாள் செல் வலிக்கு நாங்கள் தாராளமாக நீர் கொடுப்போம். டெங்குக் கசிவு நேரத்தில் நீரை அளந்துதான் கொடுக்க வேண்டும், கூடினால் நெஞ்சில் தங்கும். இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால் அது வீட்டில் செவ்விளநீர் கொடுத்துச் சமாளிக்கிற விஷயம் அல்ல. கசிவைப் பீசிவி ஏறுவதை வைத்துத்தான் பிடிப்பார்கள். இவனுடைய பீசிவி எப்போதுமே தாழ்வு. ஏறிய பிறகும் அது 'சரியான அளவு' போலத் தோன்றலாம். முதல் பக்கத்தில் எழுதச் சொன்ன மூன்று எண்களில் பீசிவியைச் சேர்த்தது அதற்காகத்தான்.

ஹைட்ரொக்சியூரியாவைப் பற்றி

புற்றுநோய் மருந்து என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் அது பாவனையில் உண்டு. பிளேட்லெட்டைக் குறைக்கும் என்றதும் சரி. ஆனால் அது இந்த நோயில் நமக்கு வேண்டிய காரியம். கூச்சலின் மூலத்தில் கை வைக்கும் மருந்து அதுதான். பிறந்த குழந்தையில் இருக்கும் வகை ஹீமோகுளோபினை அது கூட்டுகிறது, அதனால் செங்குழியம் அரிவாளாக வளைவதும் உடைவதும் குறைகிறது. ஒட்டிக்கொள்ளும் வெண்குழியங்களும் பிளேட்லெட்டுகளும் அளவாகக் குறைகின்றன. 1995இல் வெளியான ஆய்வில், 299 பெரியவர்களில், இதை எடுத்தவர்களுக்கு வலி நெருக்கடி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. உங்கள் வீட்டிலேயே வருடத்தில் ஐந்து ஒன்றாகியிருக்கிறதே.

அளவு மீறிக் குறையாமல் பார்ப்பதற்குத்தான் அடிக்கடி எஃப்பிசி எடுக்கிறார்கள். பிளேட்லெட் 80,000க்குக் கீழே போனால் சிறிது காலம் நிறுத்தி, ஏறிய பிறகு தொடங்குவார்கள். தம்பி அந்த எல்லைக்குக் கிட்டவே இல்லை. பாதி மாத்திரை கொடுத்தால் பக்கவிளைவும் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். பயன்தான் முதலில் போகும். நீண்ட காலம் எடுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் இதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. விந்தணு எண்ணிக்கை குறையலாம் என்பது மட்டும் அவனோடு வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம். 16 வயதுப் பையன் தாய்க்கு முன்னால் அதைக் கேட்க மாட்டான். கிளினிக்கில் டொக்டரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள்.

லண்டன் மாமா சொல்லும் ஊசி கிரிசான்லிசுமாப் ஆக இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன பி-செலெக்டினைத் தடுப்பது அது. முதல் ஆய்வில் நெருக்கடி 45 சதவீதம் குறைந்ததாகக் கண்டு, 2019இல் அமெரிக்காவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த பெரிய ஆய்வில் அந்தப் பயன் தெரியவில்லை. 2023இல் ஐரோப்பாவில் அனுமதியைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். குளிரில் வைத்து, நான்கு கிழமைக்கு ஒரு முறை, ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து அது, பொதியில் போட்டு அனுப்பக் கூடியதல்ல. மாமாவின் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் காசை அதில் போட வேண்டாம். உதவ விரும்பினால் கிளினிக்குக்குப் போய்வரும் வாகனச் செலவைப் பார்க்கட்டும்.

கிளினிக்கில் சொல்வது எப்படி

ஏசுவார்கள் என்ற பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். சனம் நிறைந்த கிளினிக்கில் ஒரு டொக்டர் குரலை உயர்த்துவது நடக்கிறதுதான். ஆனால் மறைத்தால் அவர் மூக்கு இரத்தத்துக்குக் காரணம் தெரியாமல் ஹைட்ரொக்சியூரியாவைச் சந்தேகித்து நிறுத்தலாம். அதுதான் பெரிய நட்டம். ஒரு துண்டில் இப்படி எழுதிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள்: 'அஸ்பிரின் 75 மி.கி., இரவுக்கு ஒன்று, ஐந்து கிழமை, இன்ன திகதியில் நிறுத்தினோம், மூக்கால் இரண்டு தடவை இரத்தம்.' பேசத் தேவையே இல்லை. டொக்டருக்குத் தமிழ் வராவிட்டால் தாதியரிடமோ, தமிழ் தெரிந்த வேறு ஊழியரிடமோ மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்டையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து வையுங்கள்.

கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாதவையும் இருக்கின்றன. 38.5 பாகைக்கு மேல் காய்ச்சல், மூச்சு முட்டல் அல்லது நெஞ்சு வலி, ஒரு பக்கம் பலம் குறைதல், பேச்சுக் குழறல், என்றுமில்லாத தலையிடி, திடீரென்று வெளிறுதல், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம். இன்னொன்று, பையன்கள் வெட்கத்தில் மறைப்பது: ஆணுறுப்பு வலியோடு விறைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருத்தல். அதையும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தகப்பனோ மாமாவோ சொன்னாலும் சரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள்.

மகளைப் பற்றிய கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. நான் அதைக் கடைசி விஷயமாக நினைக்கவில்லை. உங்கள் இருவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, நோய் வராமல் ஏதோ ஒரு குறைபாட்டை மட்டும் காவியாகச் சுமக்க இரண்டில் ஒரு பங்கு. 12 வயதுவரை வலி வரவில்லை என்றால் நோய் இருக்க வாய்ப்புக் குறைவுதான், ஆனால் காவியாக இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. கலியாணப் பேச்சு வரும்போது பொருத்தம் பார்க்கிற அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் கொடுங்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி என்ற பரிசோதனை, ஒரு தடவை இரத்தம் எடுத்தால் போதும். மகனின் கிளினிக் டொக்டரிடமே கேளுங்கள். தேவைப்பட்டால் குருநாகல் ஆஸ்பத்திரியில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்குக் கடிதம் தருவார். ஏ-6 வீதியில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி நேரே போகலாம். மகனின் பழைய எச்பிஎல்சி ரிப்போர்ட்டையும், உங்கள் இருவரின் ரிப்போர்ட் இருந்தால் அவற்றையும் மறக்காமல் கொண்டு போங்கள்.